எடையும் பெயரும்

1

விற்பவனுக்குத் தெரியாத ஒன்று வாங்குபவனுக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டுமா? வியாபாரிகள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் கடை நடக்காது. தத்துவவாதிகள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அநேகமாக மறுபக்கத்திலிருந்து: விற்பவன் தனக்குத் தெரிந்த பழுதை வாங்குபவனிடம் மறைக்கலாமா என்று. ஒழுகும் வீடு, நோயுள்ள குதிரை, கலப்படச் சரக்கு இவைதான் அவர்களுடைய உதாரணங்கள். வாங்குபவன் ஏமாறக்கூடாது என்பதில் உலகம் ஆதியிலிருந்தே அக்கறை காட்டிவந்திருக்கிறது. விற்பவன் ஏமாறுவதில் நமக்கு ரகசியமான ஒரு சந்தோஷம் உண்டு. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றி மூத்த எழுத்தாளர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அபூர்வமான முதல் பதிப்பு ஒன்றை எட்டணாவுக்குத் தட்டி வந்த கதை கட்டாயம் வரும். அந்தக் கதைகளில் கடைக்காரன் எப்போதும் மூடன், சொல்பவர் எப்போதும் ரசிகர். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாரும், 'அவனிடம் சொன்னீர்களா?' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு தானிய வியாபாரி வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து கப்பலோடு முதலில் வந்து சேர்கிறவன் அவன். பின்னால் வேறு கப்பல்களும் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறான். சொன்னால் விலை விழும். சொல்லாவிட்டால் கேட்ட விலை கிடைக்கும். ஸ்டோயிக்குகளில் பாபிலோனைச் சேர்ந்த டயோஜினிஸ், சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும், சொல்லாமலிருப்பது மறைப்பதாகாது என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், மனித சமூகத்துக்குக் கடமைப்பட்டவன் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம். அவர் வகுக்கும் கோடு நுட்பமானது: வாய் திறக்காததெல்லாம் மறைப்பு ஆகிவிடாது, யாருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டுமோ அவருக்கு அது தெரியாமல் இருக்கட்டும் என்று உன் லாபத்துக்காக நீ விரும்பும்போது அது மறைப்பாகிறது. குற்றம் நாக்கில் இல்லை, விருப்பத்தில் இருக்கிறது.

அதே நூலில் நம் கேள்விக்கு நேரான ஒரு மனிதரும் ஒரு வாக்கியத்தில் வந்துபோகிறார். க்வின்டஸ் ஸ்கெவோலா ஒரு நிலம் வாங்கப் போனார். ஒரே பேச்சாக விலையைச் சொல்லச் சொன்னார். விற்பவர் சொன்னார். 'நான் இதை அதைவிட அதிகமாக மதிக்கிறேன்' என்று சொல்லி ஒரு லட்சம் செஸ்டெர்ஸ் கூடுதலாகக் கொடுத்தார் ஸ்கெவோலா. இதை நல்லவனின் காரியம் என்று ஒப்புக்கொள்ளாதவர் இல்லை, ஆனால் புத்திசாலியின் காரியம் என்று சொல்லமாட்டார்கள் என்கிறார் சிசரோ. நல்லவன் வேறு, புத்திசாலி வேறு என்று பிரிக்கிற இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது என்பது அவர் கட்சி. இரண்டாயிரம் வருஷங்களுக்குப் பிறகும் அந்தப் பிரிவினை அப்படியேதான் இருக்கிறது.

2

இதையெல்லாம் நான் புத்தகத்திலேயே விட்டிருப்பேன். ஒரு பட்டடைக்கல் குறுக்கே வந்தது.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் இருக்கிறது வீரபாண்டி. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை இங்கே. பனியன் கம்பெனிகளும் பவர்டேபிள்களும் உள்ள இடத்தில் பழைய இரும்புக் கடைகளும் இருந்தே தீரும். நிட்டிங் மிஷினின் சிலிண்டர்கள், கியர்கள், சாயப்பட்டறைகளிலிருந்து கழற்றி வந்த குழாய்கள், பாய்லர் தகடு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நொய்யலைக் கெடுத்த சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு இந்தக் குவியல்கள் எப்படி உயர்ந்தன என்பதை இங்குள்ளவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஒரு தொழிலின் சரித்திரத்தைப் படிக்க அதன் பழைய இரும்புக் கடையைவிட நேர்மையான ஆவணம் இல்லை.

அப்படி ஒரு குவியலில் அது கவிழ்ந்து கிடந்தது. இங்கே ஆசாரிகள் வைத்திருக்கும் பட்டடை பெரும்பாலும் மரக்கட்டையில் பதித்த சிறிய இரும்புப் பாளம். இது வேறு ஜாதி. ஒரு பக்கம் கூம்பாக நீண்ட கொம்பு, கொம்புக்கும் மேல்முகத்துக்கும் நடுவே ஒரு படி, இடுப்பு ஒடுங்கி, பாதம் விரிந்து. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன் பழைய கருவிகளைச் சேகரிப்பவன். அவனை வரச் சொன்னேன்.

அவன் அடையாளம் கண்ட விதத்தை எழுதிவைக்க வேண்டும். பின்னால் வரும் வாதத்துக்கு அது தேவை. முதலில் இடுப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்தான். துருவுக்கடியிலிருந்து எழுத்துகள் எழுந்தன: 'பீட்டர் ரைட் பேட்டன்ட்'. கீழே வட்டத்துக்குள் 'சாலிட் ராட்' – முழுக்கத் தேனிரும்பு. இங்கிலாந்தில் டட்லி என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பட்டடை செய்துவந்தவர்கள். அடுத்து மூன்று எண்கள்: 1, 2, 14. தேதி என்று நான் நினைத்தேன். எடை என்றான். முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், 112 பவுண்டு. இரண்டாவது அதில் கால்பங்குகள், ஒவ்வொன்றும் 28. மூன்றாவது மிச்சமுள்ள பவுண்டு. 112, 56, 14. மொத்தம் 182 பவுண்டு, ஏறக்குறைய 82½ கிலோ. பிறகு மேல்முகத்தில் இருந்த இரண்டு துளைகளைக் காட்டினான், சதுரம் ஒன்று, வட்டம் ஒன்று. சதுரத்தில் வெட்டிரும்பைச் செருகலாம், வட்டத்தின்மேல் வைத்துத் துளையடிக்கலாம். இடுப்பிலும் அடியிலும் இருந்த குழிகள், வார்ப்பில் பிறக்காமல் அடித்து உருவாக்கப்பட்டதற்குச் சாட்சி: செந்தணலாக இருக்கும்போது கம்பி செருகித் தூக்கிய இடங்கள். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்து மேல்முகத்தில் போட்டான். விழுந்த உயரத்துக்கு அருகில் எகிறி வந்தது. தேனிரும்பு உடம்பின்மேல் பற்றவைத்த எஃகுத் தகடு இன்னும் விடவில்லை என்று அர்த்தம். சுத்தியலால் தட்டினான். கோயில் மணிபோல ஒலித்தது.

அன்றைய இரும்பு விலை கிலோ 32 ரூபாய். கடைக்காரருக்கு அது 2,640 ரூபாய். வெளிநாட்டில் இதைப் பவுண்டுக் கணக்கில் டாலருக்கு விற்கிறார்கள், நாலு டாலர் என்று வைத்தாலும் அறுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்றான் நண்பன். 'வாய திறக்காம வாங்கிட்டு வா' என்றான்.

நான் திறந்தேன். கடைக்காரரிடம் இது இன்னது, இன்ன ஊரில் செய்தது, விஷயம் தெரிந்தவர்கள் பல மடங்கு கொடுப்பார்கள் என்று சொன்னேன். அவர் எழுத்துகளைக் குனிந்து பார்க்கவும் இல்லை.

'நான் வாங்குனது எடைக்குங்க சார். குடுக்கறதும் எடைக்கு. நடுவுல அதுக்குப் பேரு எதுக்குங்க?'

பேரைப் பார்த்து இரும்பு வாங்க ஆரம்பித்தால் தினம் வருகிற ஐந்து டன்னையும் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், லாரி நிற்காது என்பது அவருடைய விளக்கம். அறியாமை அவருக்கு ஒரு நஷ்டமாகத் தெரியவில்லை. அது அவருடைய தொழில்முறை. எடை போட்டார். தராசு 82½ காட்டியது. டட்லிக்காரன் பொறித்த எடையும் இந்த எலெக்ட்ரானிக் தராசும் ஒத்துப்போன அந்த ஓர் இடத்தில் மட்டும் இருவரும் ஒரே பாஷை பேசினார்கள். 2,640 ரூபாய் கொடுத்தேன்.

3

ஆன்டிபேட்டரைத் திருப்திப்படுத்தியாயிற்று. இத்துடன் கேள்வி முடிந்துவிட்டதா?

நண்பன் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இருபது வருஷம் புத்தகம் வாங்கிப் படித்திருக்கிறான், பட்டறை பட்டறையாகத் திரிந்திருக்கிறான். அந்தப் படிப்புக்குக் கூலி வேண்டாமா? தெரிந்ததையெல்லாம் இலவசமாகச் சொல்லிவிட வேண்டும் என்றால் யார் தெரிந்துகொள்ளப் பிரயாசைப்படுவார்கள்? அலட்சியப்படுத்தக் கூடிய வாதம் அல்ல இது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இவன் பக்கம். மோசடி எது என்று சொல்லும் 17ஆம் பிரிவின் கடைசி உதாரணத்தில் இரண்டு வியாபாரிகள். விலை மாறப்போவது பற்றி ஒருவனுக்கு அந்தரங்கமாகத் தகவல் தெரியும். அடுத்தவனுக்குத் தெரிந்தால் அவன் ஒப்பந்தத்துக்கே வராமல் போகலாம். ஆனாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது சட்டம். டயோஜினிஸ் வெள்ளைக்காரனின் சட்டப் புத்தகம் வழியாக நம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

ஆனால் சட்டமே வேறோரிடத்தில் தடுமாறியிருக்கிறது. 1887இல் அமெரிக்காவின் மிஷிகன் மாகாண உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பசு வந்தது. உயர்ஜாதிப் பசு, பெயர் ரோஸ். மலடு என்று இரு தரப்பும் நம்பியதால் உயிர் எடைக்கு, பவுண்டு ஐந்தரை சென்ட் வீதம், ஏறக்குறைய 80 டாலருக்கு விலை பேசப்பட்டது. வாங்கியவர், சொல்ல வேண்டும், ஒரு வங்கிக்காரர். ஒப்படைக்கும் முன்னால் பசு சினையாக இருப்பது தெரிந்தது. இப்போது அதன் விலை 750 டாலருக்குக் குறையாது. விற்றவர் கொடுக்க மறுத்தார். கோர்ட் பெரும்பான்மை விற்றவர் பக்கம் நின்றது. கன்று ஈனும் பசுவும் மலட்டுப் பசுவும் ஒரே பொருளின் இரண்டு குணங்கள் ஆகா, வேறுவேறு ஜந்துக்கள் என்று சொன்னது. எடைக்கு விற்றது மாமிசத்தை. பசுவை விற்கவே இல்லை.

இந்தத் தீர்ப்பைப் பட்டடைமேல் வைத்துப் பார்த்தால்? பழைய இரும்புக் கடைக்காரர் விற்றது இரும்பு, நான் வாங்கியது பட்டடை. ஒரே பொருள் கைமாறியதாகச் சொல்வது தராசுக்கு மட்டுமே உண்மை. ஆனால் மாடு விற்றவர் தீர்ப்பால் லாபம் அடைந்தார். இங்கே நான் வாய் திறந்ததால் லாபம் அடைந்திருக்கக் கூடியவர் கடைக்காரர். அவரும் நேற்று வாங்கியவர்தான். அவருக்கு விற்றது யார்?

பக்கத்தில் ஓர் ஆசாரி குடும்பம். கொல்லர் இறந்துவிட்டார். மகன் பனியன் கம்பெனியில் டெய்லர், பீஸ் ரேட். லைன் வீட்டில் ஒரு அறை. போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கொடுத்த விலைக்கே திருப்பித் தருவதாகவும் சொன்னேன். சிரித்தார். மில் ஒன்று பழைய சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா எடுத்ததாம். 'எங்கப்பாவும் எடைக்குத்தான் வாங்குனாருங்க.' கடைக்காரர் மூன்றாவது தராசு, நான் நான்காவது. 'அதுல எளுத்து இருக்கறது தெரியுமுங்க. அப்பா அதையெல்லாம் பாக்கமாட்டாரு. காதுல கேட்டுப் பாப்பாரு.' பெயருக்கு இவ்வளவு விலையா என்று நான் வியந்தபோது அவர் வியக்கவில்லை. 'களுத்துல லேபிள் தெக்கறவனே நான்தானுங்க சார். லேபிள் வெச்சா வெல ஏறும்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?'

இந்த ஒரு வாக்கியம் என் வாதங்களை இடம் மாற்றிவிட்டது. திருப்பூரில் எது தெரியாவிட்டாலும் இது தெரியும். இதே பனியன் வெளிநாட்டு லேபிளோடு கப்பலேறுகிறது. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியதும் கழிந்ததும் லேபிளை வெட்டிக் காதர்பேட்டைக்கு வருகிறது, சில சரக்கு எடைக்கே போகிறது. நூலும் தையலும் மாறவில்லை. பெயர் போனதும் பொருள் கிலோவாகிவிடுகிறது. எடைக்கும் பெயருக்கும் நடுவில் உட்கார்ந்து எட்டு மணிநேரம், சில நாள் ஒன்றரை ஷிப்ட், தைத்துக்கொண்டிருப்பவரிடம் போய், 'உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்' என்று நான் சொன்னேன்.

சிசரோவிலிருந்து என் நண்பன்வரை எல்லோரும் எடுத்த எடுப்பில் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்: ஒருவனுக்குத் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. பட்டடை விஷயத்தில் இது பொய். அந்தக் கொல்லருக்கு அந்தக் கல்லைப் பற்றி எங்கள் இருவரையும்விட அதிகம் தெரியும். கொழுவைத் தட்டும்போது எந்த இடத்தில் அடி எகிறும், கவலைச் சாலுக்குத் தகட்டை வளைக்கக் கொம்பின் எந்த இடம் பொருந்தும், மண்வெட்டிக்கு எந்த விளிம்பு, வண்டிப் பட்டா நிமிர்த்த எந்த விளிம்பு – இவை அவர் கைக்குத் தெரியும். நண்பன் குண்டு போட்டுச் சோதித்த எகிறலை அவர் ஒவ்வொரு அடியிலும் தோளில் உணர்ந்திருப்பார். அவருக்குத் தெரியாதது கல்லைப் பற்றி எதுவுமில்லை. கடல் கடந்து யாரோ ஒருவர் அதை வரவேற்பறையில் வைக்க ஆசைப்படுகிறார் என்பது மட்டுமே. ஆகவே நண்பன் கூலி கேட்கும் இருபது வருஷப் படிப்பில் பொருளைப் பற்றிய அறிவு எவ்வளவு, பிறருடைய ஆசையைப் பற்றிய அறிவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவதற்குக் கூலி கேட்கலாம். இரண்டாவது தகவல். அதற்குக் கிடைப்பது கமிஷன்.

இன்னொன்றும் இருக்கிறது, இன்னும் சங்கடமானது. பட்டடைக்குத் தொன்மை விலை எப்படி வந்தது? ஏற்றம் போய், கவலை போய், பம்பு செட் வந்து, வண்டி போய் டெம்போ வந்து, கொல்லனின் உலை அணைந்ததால் வந்தது. ஊருக்கு ஓர் உலை எரிந்துகொண்டிருந்தால் இது வெறும் பட்டடை. எந்த அழிவு மகனைத் தையல் மிஷினுக்கு அனுப்பியதோ அதே அழிவுதான் தகப்பனின் கல்லுக்கு அறுபதாயிரம் ரூபாய் மதிப்பு தந்திருக்கிறது. நஷ்டம் ஒரு வீட்டில் விழுகிறது. அந்த நஷ்டத்தின் லாபம் வேறு வீட்டில். நடுவில் பொய் சொன்னவன் யாருமில்லை, சட்டத்தை மீறியவன் யாருமில்லை. அநியாயம் நடந்திருக்கிறது, அநியாயக்காரன் இல்லை. ஆன்டிபேட்டருக்கும் இங்கே வேலை இல்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் நிலைமை மாறுவதில்லை.

4

சில பொருள்களுக்குத் தங்கள் பக்கம் பேச ஆள் கிடைத்துவிடுகிறது. 1976இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண்ணிலிருந்து தோண்டி எடுத்த நடராஜர், சொற்பத் தொகைக்குக் கைமாறி, 1982இல் லண்டனில் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு ஒரு கனடா கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. வழக்கு நடந்தது. இடிந்த கோயிலே உரிமை கோர முடியும் என்று ஆங்கிலேய கோர்ட் 1988இல் ஒப்புக்கொண்டது, 1991இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது, நடராஜர் திரும்பினார். 'எவ்வளவு?' என்ற கேள்வி, 'யாருடையது?' என்ற கேள்வியின் முன்னால் அர்த்தமற்றுப் போனது. பட்டடைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, சந்தனமும் குங்குமமும் உண்டு. ஆனால் அதற்காக வழக்காடக் கோயில் இல்லை. உலை அணைந்ததோடு அதன் தெய்வாம்சமும் அணைந்துவிடுகிறது.

நான் அன்றாடம் புழங்கும் இடத்திலிருந்து ஓர் ஒப்புமை சொல்கிறேன். வங்கியில் ஒரு பெண் நகையை அடகு வைக்கிறாள். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. மீட்க முடியாமல் நகை ஏலத்துக்குப் போனால், கடனும் வட்டியும் போக மிஞ்சுவது யாருக்கு? அதே ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வைத்தவளுக்கு. வாங்குபவனின் அறிவைப் பரிபூரணமாகப் பாதுகாக்கும் சட்டம், அடகு பிடித்தவனுடைய அறிவை மட்டும் நம்புவதில்லை. காரணம் எளிது. அடகில் பொருளுக்கும் அதன் சொந்தக்காரிக்கும் உள்ள உறவு இன்னும் அறுபடவில்லை. விற்பனையில் பணம் எண்ணி முடித்ததும் அறுந்துவிட்டதாக நாம் கொள்கிறோம்.

அப்படி அறுந்துவிடுகிறதா என்பதே என் சந்தேகம். உழைப்பால் தேய்ந்த பொருளை வாங்கும்போது, அந்தத் தேய்மானம் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. மேல்முகத்தின் நடுவில் ஒரு லேசான பள்ளம் இருக்கிறது. சேகரிப்பவன் கணக்கில் அது குறை, விலையைக் குறைக்கும். உண்மையில் அந்தப் பொருளில் அந்தக் கொல்லர் எழுதிய ஒரே கையெழுத்து அதுதான். டட்லிக்காரனின் எழுத்தைப் படித்து விலை ஏற்றுகிறோம், இவர் எழுத்தைப் படித்து விலை குறைக்கிறோம்.

விமர்சனம் என்று நாம் சொல்லிக்கொள்வதிலும் இதே வியாதி இருக்கிறது. முத்திரையைத் தேய்த்துப் படிப்பது சுலபம்: இன்ன பள்ளி, இன்ன இயக்கம், இன்ன மேல்நாட்டான் பாதிப்பு. தட்டிக் காது கொடுப்பது கஷ்டம். மறந்துபோன ஓர் எழுத்தாளனைக் 'கண்டுபிடித்த' கர்வம் நம் சிறு பத்திரிகைகளில் நிறையவே உண்டு. கண்டுபிடிக்கும்வரை அவன் எங்கும் போய்விடவில்லை. அவன் ஊரில் யாரோ படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெயர் வைத்தது மட்டும் நாம்.

ஆனால் அடையாளம் காண்பதே பாவம் என்று சொல்லவரவில்லை. உ.வே. சாமிநாதையர் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய ஏடுகளைப் பல வீடுகளில் வைத்திருந்தவர்கள் அறியவில்லை. அவருக்குத் தெரியும். தெரியாதவனிடமிருந்து தெரிந்தவன் எடுத்துக்கொண்டான் என்ற சூத்திரம் அங்கேயும் பொருந்தும். ஆனால் 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறியபோது மிச்சம் யாருக்குப் போனது? ஏடு கொடுத்தவர் பேரனுக்கும் போனது, ஏடே இல்லாத வீட்டுக்கும் போனது. அந்தப் புறநானூற்றின் 170ஆம் பாட்டில் ஒரு உலைக்கல் இருக்கிறது; கொல்லன் ஓங்கி அடிக்கும் சம்மட்டியைத் தாங்கி நிற்கும் அதற்கு ஒரு வீரனை ஒப்பிடுகிறார் புலவர். குறளில் கூடாநட்பு அதிகாரத்தின் முதல் குறளிலும் ஒரு பட்டடை வருகிறது. அங்கே அது சமயம் வாய்த்தால் அடிப்பதற்காக இணக்கம் காட்டும் பொய் நட்புக்கு உவமை. ஒரே கல், ஒரு கவியிடம் உறுதி, இன்னொரு கவியிடம் வஞ்சகம். கல்லில் இரண்டுமே இல்லை. அதன் முன்னால் யார், எதற்காக நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆகவே என் அபிப்பிராயத்தை இப்படிச் சொல்கிறேன். தெரிந்ததைச் சொல்லிவிட்டு வாங்குவது தர்மத்தின் முதல் படி மட்டுமே. அடையாளம் கண்டவனுக்கு அதன் கூலி உண்டு. மிச்சம் அவனுடையது ஆகாது. விற்பனைச் சீட்டு இருந்தாலும் மிச்சத்தைப் பொறுத்தவரை அவன் அடகு பிடித்தவன்தான். கொல்லரின் மகன் பணம் கேட்கவில்லை. 'யாராச்சும் வேல செய்யறதுக்குக் கேட்டா குடுத்துருங்க' என்றார். எடையும் பெயரும் போக மூன்றாவதாக ஒரு மதிப்பு அதற்கு இருக்கிறது என்று நினைவூட்டியது அவர்தான். கல்லைப் பார்க்க வருகிறவர்கள் பெயரைப் படிக்கிறார்கள், விலை கேட்கிறார்கள், செல்போனில் படம் பிடிக்கிறார்கள். அதன்மேல் வைத்து அடிக்க ஒரு இரும்போடு வருகிறவனுக்குத்தான் மிச்சம் சேர வேண்டும். அவன் வருவதற்குள் அந்த ஜாதி வேலையே ஊரில் இல்லாமல் போய்விட்டால், அந்தக் கடனை அடைக்க நம்மிடம் எந்த நாணயமும் இருக்காது.